எலுமிச்சையில் ஊறிய வஞ்சிரமும் கட்டிங் மாஸ்டர் வேல்குமாரும்

வாயில் வைத்தவுடன் முகத்தைச் சுளிக்க வைக்கிற ஒரு பண்டத்தை, வேண்டாம் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தும், ஒரு மனிதர் கிண்ணத்தின் அடி தெரியும் வரை ஏன் சாப்பிட வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் இருந்த யாருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவருக்கும் அப்போது தெரியவில்லை. ஆகவே முதலிலிருந்தே சொல்வதுதான் சரி.

வேல்குமார் திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு, கழுத்தில் இஞ்ச் டேப். கிருத்திகைக்கு விரதம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை. அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி துணியைப் பற்றித்தான் இருக்கும்.

துணியைப் பற்றி அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ரோலாகச் சுற்றி வருகிற பின்னல் துணி இழுபட்டுப்போய் வரும். அதைப் பிரித்து, மேஜையில் தளர்வாக விரித்து, ஒரு நாள் அப்படியே விட்டால் தன் சொந்த அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். அதற்கு முன் அவசரப்பட்டு வெட்டினால், பெரியவருக்கு வெட்டிய பனியன் தண்ணீரைப் பார்த்ததும் பையனுக்குத்தான் ஆகும். துணியை இப்படி ஆறப் போடுவதைக் கம்பெனியில் 'ரிலாக்ஸ்' விடுவது என்பார்கள். எல்லா மாஸ்டர்களும் விடுவார்கள். வேல்குமார் எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக விடுவார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் ராசப்பன் வந்து நிற்பார். "மாஸ்டர், கன்டெய்னர் வெளிய நிக்குதுங்க. இன்னிக்கே வெட்டித் தாட்டி உடுங்க."

"நிக்கட்டுங்க. துணி இப்பத்தான் எந்திரிச்சிருக்குது. மொகங் கழுவி டீ குடிக்க உடோணுமுங்களே."

"துணிக்கு டீயுங்களா? அப்ப என்ர கதி?"

"நீங்க ஏற்கெனவே சுருங்கித்தானுங்களே இருக்கறீங்க."

ராசப்பன் ஆள் குள்ளம். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இந்தச் சட்டம் கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவரோடு வீட்டுக்கும் வந்தது. புதுச் செருப்பு வாங்கினால் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள்தான் காலில் மாட்டுவார். காய்ச்சிய பாலை ஏடு கட்டிய பிறகுதான் தொடுவார். கோபத்தையும் அப்படித்தான் செய்தார். யாரோடாவது வார்த்தை தடித்துவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். சமாதானமும் சொல்ல மாட்டார், சண்டையும் போட மாட்டார். விரித்துப் போட்டுவிட்டால் தானே சுருங்கிவிடும் என்பது அவர் எண்ணம். பெரும்பாலும் சுருங்கியும் இருக்கிறது. ஒரே ஒரு சண்டை மட்டும் சுருங்கவில்லை.

அது மகளின் கல்யாணத்தில் வந்தது. வினிதா அவருக்கு ஒரே பிள்ளை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தாள். சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். அங்கே ஷிப்பிங் ஆபீஸில் ரீகன் என்று ஒருவர். கன்டெய்னர் ஏறியதா என்று கேட்க வினிதா தினமும் போன் செய்தாள். பிறகு ஏற வேண்டிய கன்டெய்னர் இல்லாத நாட்களிலும் செய்தாள்.

ரீகன் கடற்கரைக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனவர். ரீகன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி மக்ரூனோடு பெண் கேட்க வந்தார். வேல்குமார் வீட்டில் கோழி உண்டு, ஆடு உண்டு. மீன் மட்டும் இல்லை. அபூர்வமாக ஒறம்பரையாக வரும் சொந்தக்காரர் யாராவது வாங்கி வந்தால்கூட, பின்பக்கம் பொடக்காலியில் தனி அடுப்பு மூட்டித் தனிச் சட்டியில்தான் குழம்பு கொதிக்கும். வீட்டுக்குள் வராது. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார்கள். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களை உள்ளே விடாமல், கேட்டைப் பிடித்தபடி வேல்குமார் சொன்னார்:

"எங்களுக்கு மீன் வாடையே ஆகாதுங்க. இந்தப் படியேறி அந்த வாடை உள்ளார வந்துச்சுன்னா நாங் குடியிருக்க மாட்டன்."

வீதி முழுக்கக் கேட்டது. ரீகனின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ரீகன் மக்ரூன் பெட்டியைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, "சரி மாமா. அந்த வாடை உங்க படி ஏறாது" என்றார்.

சொன்னபடியே இருந்தார். கல்யாணம் தூத்துக்குடியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. வினிதா அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் ரீகன் கூடவே வருவார். வீதி முனை வரை வருவார். அங்கே பேக்கரியில் உட்கார்ந்து, பப்ஸ் தின்று, பேப்பரில் விளம்பரம் வரை படித்துவிட்டு, அவள் வந்ததும் கூட்டிக்கொண்டு போவார். பேக்கரிக்காரருக்கு அவர் என்ன டீ குடிப்பார் என்று தெரியும். மாமனாருக்குத் தெரியாது.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. இந்த வருடம் வினிதா ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் யாரும் பேசி முடிவு செய்ய வேண்டாத விஷயம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்த வேல்குமாருக்கு எதிரே அவர் மனைவி ஜெயபாரதி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, புள்ளை சொல்லிப் போட்டாளுங்க. நாளான்னிக்கு ரண்டு பேரும் வர்றாங்களாம். மாப்ளை ஊட்டுக்குள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் அவ இங்க இருப்பாளாம். இல்லீன்னா பொழுதோடவே திரும்பிருவாளாம். பிரசவம் அக்கட்டயேதானாம்."

வேல்குமார் இட்லியைப் பிட்டார். "சித்த நாள் போகட்டும். தானா சரியாகும்."

"ரண்டு வருசமா ரிலாக்ஸ் உட்டுப் பாத்தாச்சுங்க. வயித்துல இருக்கறதை அப்படி உட முடியாதுங்க. அது தேதிக்கு வந்துரும்."

"கூப்பிட்டா அவன் வருவானா?"

"நீங்க கூப்புடுவீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். ஆனால் அன்று கம்பெனியில் துணியில் வெட்டுக்கோடு போடும்போது இரண்டு தரம் சாக்பீஸை ஒடித்தார் என்று ராசப்பன் பிற்பாடு சொன்னார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் கேட்டது வேறு ஒன்று. "அவனுக்கு என்னதான் புடிக்கும்?"

ஜெயபாரதிக்குத் தெரியும். வீடியோ காலில் பல ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்திருக்கிறாள். ரீகனின் சித்தப்பா ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். தென் அமெரிக்காப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் எல்லாருக்கும் பழக்கிவிட்டார். மீனைச் சின்னச் சின்னதாக வெட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு ஊற வைப்பார்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் எலுமிச்சை மீன்.

"அடுப்பே பத்த வெக்கறதில்லீங்க" என்றாள் ஜெயபாரதி. "எண்ணெய் இல்ல, பொகை இல்ல. பாத்தா பழத்தை வெட்டி வெச்ச மாதிரி இருக்குது."

வேல்குமார் நிமிர்ந்தார். அடுப்பு இல்லை, புகை இல்லை. அப்படியானால் வாடையும் இருக்காது. வாடை வரக்கூடாது என்றுதானே சொன்னார்? சமைக்காத மீனைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லையே. மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் மீன் பரிமாறியது போலவும் ஆகும், தான் சொன்ன சொல்லும் அப்படியே நிற்கும். அளவுக்கு வெட்டிய பேட்டர்ன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரு பிட் துணியை மிச்சம் பிடிப்பாரே, அதே மூளை இங்கேயும் வேலை செய்தது.

"நானே செய்யறன்" என்றார்.

ஜெயபாரதி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று ஒரு டீ போட்டுக்கொண்டதில்லை.

"ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது. அவனுக்கும் தெரியக் கூடாது."

ஜெயபாரதி மகளுக்குப் போன் போட்டு, சும்மா கேட்பது போலக் கேட்டாள். "உன்ர ஊட்டுக்காரரு செய்வாரே கண்ணு, அந்த மீனு. அது எந்த மீனு?"

"வஞ்சிரம்மா. நல்ல கடல் மீனா இருக்கோணும். டேம் மீனையெல்லாம் பச்சையாத் தின்னக் கூடாது, பூச்சி இருக்கும். கடல் மீனையும் இவரு கம்பெனில உறைய வெச்சதாப் பாத்துத்தான் வாங்குவாரு, கல்லாட்டம். எனக்கு இப்பத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஏம்மா கேக்கறே?"

"சும்மாதான். ஊற வெக்கோணுமா?"

"ஆமா, எலுமிச்சையில ஊறோணும். அம்மா, இன்னொரு கால் வருது, வெச்சர்றேன்."

எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதைக் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் வேல்குமார் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். வாழ்க்கையில் அதுவரை போகாத இடம். வாசலில் ஒரு தொட்டியில் மீன்கள் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன.

"அண்ணா, இங்க பாருங்கண்ணா. அமராவதி டேமு. துள்ளுது பாருங்க. அந்தப் பக்கம் எல்லாம் செத்துப் பல நாளானது."

துள்ளுகிற மீனை விட்டுவிட்டு உறைந்த மீனைத் தேடிப் போவது புத்தியில்லாத காரியமாகத்தான் பட்டது. இருந்தாலும் மனைவி சொல்லி அனுப்பியது காதில் இருந்தது. உள்ளே ஒரு பெண்மணியின் கடையில் பெட்டியைத் திறந்து, கட்டையாக உறைந்த வஞ்சிரத்தை எடுத்துக் காட்டினார்கள்.

"கொழம்புக்குங்களா, வறுக்கறதுக்குங்களா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"ரண்டுக்கும் இல்லீங்க."

"அப்பறம்? பூசைக்குங்களா சாமி?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேல்குமாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். தோலும் முள்ளும் நீக்கிக் கொடுத்ததை இரண்டு பைக்குள் பை போட்டு, டிவிஎஸ் வண்டியில் முன்னால் மாட்டிக்கொண்டு வந்தார். பொடக்காலிப் பக்கம் போகவில்லை. முன்வாசல் வழியாகவே சமையலறைக்குள் கொண்டுபோனார்.

ஜெயபாரதி ஓடிப்போய் முருகன் படத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். வேல்குமார் கத்தியைத் தீட்டினார். பழைய காலண்டர் அட்டையில் சிறு சதுரம் ஒன்றை வெட்டி எடுத்தார். முழுதாக இளகாத மீனைப் பலகையில் வைத்து, அந்த அட்டைச் சதுரத்தை மேலே வைத்து அளவு பார்த்து வெட்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மீனுக்குமா பேட்டர்னு?"

"அளவு இல்லாம எப்படி வெட்டறது?"

"வாய்க்குள்ள போறதுங்க. யாரு டேப்பு வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"நாம் பாப்பனல்ல."

துண்டுகள் வரிசையாக விழுந்தன. கம்பெனியில் துணி வெட்டும் மெஷின் பிடிக்கும்போது இடது கையில் கம்பிவலைக் கையுறை போடுவார். வீட்டில் அது இல்லை. விரலில் ஒரு கீறல் விழுந்தது. அதோடு எலுமிச்சம்பழம் பிழிந்தபோது அவர் பல்லைக் கடித்த சத்தம் வாசற்படி வரை வந்தது. வாடையும் வந்தது. லேசாகத்தான், ஆனால் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மீன் மூழ்கும் வரை பிழிந்தார். உப்புப் போட்டார். கண்ணாடிக் கிண்ணத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார். அதற்கு இடம் விட்டுப் பாலும் பூவும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபோயின.

"எப்பங்க எடுக்கறது?" என்றாள் ஜெயபாரதி.

"நாளைக்கு அவங்க வந்தப்பறம்."

"அத்தன நேரமுங்களா? துண்டு சின்னதுங்க. எதுக்கும் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுப் போடறன்."

"கேட்டா அவருக்குத் தெரிஞ்சு போகும். துணியே ஒரு நாள் கெடக்குது. மீனு உசுரோட இருந்தது, அதுக்கு எச்சா வேணும். அவசரப்பட்டா சுருங்கும்."

வெள்ளிக்கிழமை 'அவன்' என்றவர் சனிக்கிழமை 'அவரு' என்றதை ஜெயபாரதி கவனித்தாள். அதற்காக, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சற்று முன் அவர்கள் வந்தார்கள். வினிதா மெதுவாக நடந்து வந்தாள். ரீகன் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கத்துக்கு மாறாக பேக்கரியைத் தாண்டி கேட் வரை வந்தார். அங்கேயே நின்றார். எதிர்வீட்டில் கோலம் மிதிபடாமல் பெருக்கிக்கொண்டிருந்த பெண், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

வேல்குமார் வெளியே வந்தார். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தது 'வாங்க மாப்ளே' என்ற இரண்டு வார்த்தைதான். வாய் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு தனக்குச் சுலபமாக வருகிற பாஷையில் பேசினார்.

"ஒரு சாம்பிள் ரெடியா இருக்குதுங்க மாப்ளே. அப்ரூவல் வேணும்."

ரீகன் வினிதாவைப் பார்த்தார். அவள் எனக்குத் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன சாம்பிள் மாமா?"

"உள்ளார வந்தாத்தானுங்க காட்ட முடியும்."

ஷிப்பிங்கில் இருப்பவருக்கு இது தெரிந்த விஷயம். சாம்பிளைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தச் சரக்கும் கப்பல் ஏறாது. ரீகன் பையைக் கீழே வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

உள்ளே வந்ததும் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. ஆச்சரியத்தோடு சமையலறைப் பக்கம் திரும்பினார். ஜெயபாரதி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் வெங்காயமும் மிளகாயும் தழையும் சேர்த்து, தேங்காய்ப்பாலும் ஊற்றியிருந்தார்கள். புளிப்பு தாங்காமல் பால் திரிதிரியாகத் திரிந்து மிதந்தது. நடுவில் மீன் துண்டுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சதுரம். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைவிட வெளுத்து, ரப்பர் போல விறைத்துக் கிடந்தன.

வினிதா எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது எலுமிச்சை மீனா?"

"உங்கப்பா செஞ்சது கண்ணு."

ரீகன் கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினார். "எப்ப மாமா ஊறப் போட்டிய?"

"நேத்து சாயந்தரமுங்க."

"நேத்தா?"

"ரிலாக்ஸ் ஆகோணுமுங்களே."

வினிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா! பத்து நிமிசம்ப்பா அது! பத்தே நிமிசம்! எலுமிச்சையே அதை வேக வெச்சிரும். இத்தன நேரம் கெடந்தா கல்லுதான்!"

வேல்குமார் சிரிக்கவில்லை. மேஜை மேல் இருந்ததைப் பார்த்தார். கண் நேராக அளவுக்குத்தான் போனது, அளவில் குற்றம் இல்லை. மற்றது எல்லாம் குற்றம். கம்பெனியில் இப்படி ஒன்று வந்தால் அதைச் சரக்கு வாங்குகிற பையரின் கண்ணில் காட்டமாட்டார்கள்.

"ரிஜெக்ட்டுங்க" என்று கையை நீட்டிக் கிண்ணத்தை இழுத்தார். "எடுத்துட்டுப் போயிரு ஜெயா. பேக்கரில ஏதாச்சும் வாங்கிட்டு வாறன்."

ரீகன் கிண்ணத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். விடவில்லை. கரண்டி இன்னொரு கையில் இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? வாடை வருதா?"

வினிதாவின் சிரிப்பு நின்றது. ஜெயபாரதி கதவோரம் அப்படியே நின்றாள். கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை, விளையாட்டாகவும் கேட்கவில்லை.

வேல்குமாரிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. இது சமைக்காததுங்க, சமைக்காததுக்கு வாடை ஏதுங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து வைத்திருந்த பதில். ஒரு வார்த்தைகூடப் பின்வாங்க வேண்டாத பதில். அதைச் சொன்னால் தன் சொல் நிற்கும். மகள் நிற்பாளா என்று தெரியாது.

"வருதுங்க மாப்ளே" என்றார். "நேத்துல இருந்தே வருது."

ரீகன் கிண்ணத்தின் பிடியைத் தளர்த்தவில்லை.

"வந்துட்டுப் போகட்டுங்க. நாங் குடியிருக்கறன்."

"இதை எங்க அம்மா கேக்கணும் மாமா. அன்னைக்கு அவியளும்தான் நின்னாவ."

"நானே சொல்றனுங்க. உங்க வாயால வேண்டாம்."

ரீகன் தலையை ஆட்டினார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் துண்டை வாயில் போட்டார். தாடை நின்று நிதானமாக அசைந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. விழுங்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

"மாப்ளே, வேண்டாமுங்க, வயித்துக்கு ஆகாது" என்றாள் ஜெயபாரதி.

"வெந்துதான் இருக்கு அத்தை. கூடுதலாவே வெந்துட்டு."

வேல்குமாரும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வினிதா மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். திரும்பி வந்தபோது ரீகன் கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் கிடந்த வெங்காயத்தை வழித்துக்கொண்டிருந்தார். ரசித்துச் சாப்பிட்டது போல இல்லை. கடமைக்குச் சாப்பிட்டது போலவும் இல்லை. ஒரு வேலையை எடுத்தவர் முடித்தது போல இருந்தது. இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு ஜெயபாரதி சோறும் கோழிக் குழம்பும் போட, அதையும் சாப்பிட்டார்.

பொழுது சாயும்போது அவர் மட்டும் தூத்துக்குடி பஸ் ஏறினார். வினிதாவின் பை உள்ளறையில், அவள் பழைய கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மறுநாள் டீ இடைவேளையில் வேல்குமார் கம்பெனி மாடிப்படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதை ராசப்பன் பார்த்தார். யாரோடு பேசுகிறார் என்று அவருக்குத் தெரியாது. மாஸ்டர் பேசியதைவிடக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம் என்றும், சுவரில் இருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே நின்றார் என்றும் சொன்னார். போனில் என்ன பேசினார்கள் என்பதை வேல்குமார் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வளைகாப்புக்கு ரீகனின் அம்மா வந்தார். முன்வாசல் வழியாகத்தான் வந்தார். வேல்குமாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மருமகளுக்கு வளையல் போட்டுவிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

ரீகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே சமையலறையில், அவரே எலுமிச்சை மீன் செய்தார். மாமனார் வெட்டிக் கொடுத்தார். அட்டைப் பேட்டர்னை விடவில்லை. ரீகன் பழம் பிழிந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிசத்துல என்னத்த ரிலாக்ஸ் ஆகும்?" என்று வேல்குமார் முணுமுணுத்தார். ஓரங்கள் மெதுவாக வெளுப்பதைக் குனிந்து பார்த்தார். உள்ளே இன்னும் கண்ணாடி போலத்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் கேட்டார்.

"அன்னிக்கு ஏனுங்க மாப்ளே அதைத் தின்னீங்க? நானே துப்பிப் போட்டனே."

"பசி மாமா. பஸ்ஸுல ஒண்ணும் சாப்பிடல."

"அப்பறம் சோறு இருந்துச்சல்லங்க."

ரீகன் வெங்காயத்தைப் பிசைந்து மீனில் போட்டார்.

"நான் வேண்டாம்னு தள்ளியிருந்தா நீங்க இன்னொரு தடவை செஞ்சிருக்க மாட்டிய மாமா. ஆறப் போட்டுட்டு இருந்திருப்பிய."

வேல்குமார் பலகையைத் துடைத்தார். அது உண்மை. ஒருமுறை ரிஜெக்ட் ஆனதை அவர் மறுபடி கையில் எடுத்ததே இல்லை. அவரை இரண்டு வருடம் பேக்கரியிலிருந்து பார்த்த ஒருவருக்கு அது தெரிந்திருந்தது. முதல் வரியில் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தால் இல்லை.

ஐப்பசி மழையில் பல்லடம் ரோட்டு ஆஸ்பத்திரியில் வினிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் தாய்வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வேல்குமாருக்கு இன்றும் மீன் பிடிக்காது. மாப்பிள்ளை செய்தால் இரண்டு துண்டு வாயில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். கம்பெனியில் துணியை ஒரு நாள் முழுக்க விடுவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது, துணி துணிதான். ஆனால் யாரோடாவது வார்த்தை தடித்தால் இப்போது அன்றைக்கே போனை எடுக்கிறார். என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறுகிறார். திணறினாலும் வைத்துவிடுவதில்லை.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். படித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். டீ இடைவேளையில், பஸ் கிடைக்காமல் நிற்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். யாரோடாவது பேசாமல் இருக்கிற ஒருவர் தெரிந்தால் அவருக்கு முதலில் சொல்லுங்கள். ஊரை மாற்றிச் சொல்லலாம், பெயரை மாற்றிச் சொல்லலாம். ஊற வேண்டிய நேரத்தை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள். யாராவது வீட்டில் செய்து பார்ப்பார்கள்.